ஊரணிக் கரையில நாப்கின் குப்பை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். காரைக்குடி பக்கம் எங்க ஊரணிக் கரையில குப்பையோட குப்பையா மாதவிலக்குக்கு வைக்கிற நாப்கின் கெடக்கு. எங்க அப்பத்தா காலத்துல நைஞ்ச கண்டாங்கிச் சேலைய கிழிச்சு மடிச்சு வச்சுக்கிட்டாக, பருத்திதான, நல்லா உறிஞ்சும், ஆனா வெக்கப்பட்டுக்கிட்டு இருட்டு ரூமுல காயப்போட்டாக, வெயில் படாத ஈரத்துணிதான் அரிப்பு, புண்ணுன்னு படுத்துச்சு, துணிமேல தப்பில்ல. இப்ப தமிழ்நாடு அரசோட புதுயுகம் திட்டத்துல பொம்பளப் பிள்ளைகளுக்கு நாப்கின் ஃப்ரீ, 2018-ல ஜிஎஸ்டியும் எடுத்தாச்சு, ரொம்ப நல்லது. ஆனா அடியில இருக்க பிளாஸ்டிக் ஷீட் மக்காதே? 2016 குப்பை விதியிலயே கம்பெனிக்காரக சுத்திப் போட கவர் தரணும்னு சொன்னாக, சரி, சுத்தி எங்க போடுறது, எங்க தெருவுல தனித் தொட்டியே இல்ல! அத வைங்க, கூடவே மகளிர் குழுவுல துணி பேட் தைக்கச் சொல்லிக் குடுங்க, தொவைச்சு வெயில்ல காயப்போடவும் ஸ்கூல்லயே சொல்லுங்க, வேணுங்கிறவுக வேணுங்கிறத எடுத்துக்கட்டும்.

- ஒரு வாசகி, காரைக்குடி