குறுக்கு விசாரணை நாளிலும் நிருபர் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கணவர் ஒருவரின் வழக்கு விசாரணை பற்றித் தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் சில வாரங்களாக வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அந்த வழக்கில் யார் குற்றவாளி என்று எழுத நான் வரவில்லை. தீர்ப்பு வராத வழக்கைப் பற்றி அப்படி எழுதுவது முறையும் அல்ல. நேரில் பார்த்தவர் எவரும் இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியங்களை மட்டுமே நம்பி நடக்கும் ஒரு வழக்கைச் செய்தியாக்கும் விதத்தில் நான் காணும் குறை ஒன்றைச் சொல்லவே இக்கடிதம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்ற எழுத்தராக இருந்து, சான்றாவணங்களுக்கும் சான்றுப் பொருள்களுக்கும் எண் போட்டுப் போட்டே ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது.

பணிக் காலத்தில் பார்த்த ஒன்றைச் சொன்னால் குறை எதுவென்று விளங்கும். ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண் இறந்து கிடந்த வழக்கு அது. எதிரி அவருடைய கணவர். (குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதுவது நம் நீதிமன்ற வழக்கம். அந்தச் சொல்லே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறதோ என்ற நெருடல் எனக்கு எப்போதும் உண்டு.) இருவரையும் கடைசியாகச் சேர்த்துப் பார்த்ததாகச் சொன்ன சாட்சி, மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்தவர். ‘என் கடையில்தான் டீ குடித்தார்கள், சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறினார்கள்’ என்று, அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணையில் தடுமாற்றமே இல்லாமல் சொன்னார். மறுநாள் ஒரு நாளிதழில் அது நான்கு பத்திச் செய்தியாக வந்தது. எதிரித் தரப்பு வக்கீல் கேட்கும் குறுக்கு விசாரணை அடுத்த வாய்தாவில் நடந்தது. தேதி எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டதற்கு, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் பொங்கல் வைத்த நாள் என்றார். அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கப்பட்டது. குடும்பத்தோடு கோயிலில் என்றார். கடையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு, வருஷா வருஷம் அன்றைக்குக் கடை லீவு என்று சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது என்ன என்பது அவருக்கே உறைத்தது.

அவர் பொய் சொல்ல வந்தவர் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வேறு ஏதோ ஒரு நாளில் பார்த்ததை, ஊர் பேசிய பேச்சில் அந்த நாளோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கடைசிப் பதில் எந்த நாளிதழிலும் வரவில்லை. பின்னர் கணவர் விடுதலையானபோது, காசு கொடுத்துச் சாட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். நான்கு பத்திச் செய்தியை மட்டும் படித்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? அது எந்த நாளிதழ் என்று நான் எழுதப்போவதில்லை.

கைது நடந்த மறுநாளே ‘கணவர் பரபரப்பு வாக்குமூலம்’ என்று ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 25 ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியமும் 23 ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. அந்த வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமான பகுதி மட்டும் ஏற்கப்படும். ‘சில்வர் ஓக் மரத்தடியில் கயிற்றை மறைத்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்’ என்று ஒருவர் சொல்லி, அங்கிருந்து கயிறு எடுக்கப்பட்டால், அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்ற அளவுக்குத்தான் அது சாட்சியம். ‘இந்தக் கயிற்றால்தான் இறுக்கினேன்’ என்ற வரி சேராது. அன்றைக்கு நம் வழக்குகளுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், 1946 இல் புலுக்குரி கொட்டையா வழக்கில் வகுத்த எல்லை இது. நீதிபதி கணக்கில் எடுக்கவே கூடாத அந்த வரியைத்தான் நம் வாசகர்கள் முதலில் படிக்கிறார்கள், அதையே கடைசிவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். ‘கள்ளக்காதல்’ என்ற சொல்லும் அப்படித்தான். உள்நோக்கம் என்பது, ஒன்றோடொன்று கோத்து எதிரியைச் சுட்ட வேண்டிய சூழ்நிலைகளின் சங்கிலியில் ஒரு கண்ணி; செய்தியிலோ அதுவே முழுச் சங்கிலியாகிவிடுகிறது.

இந்தச் சங்கிலி எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பே, மனைவியைக் கொன்றதாக ஒரு கணவர் மீது நடந்த வழக்கில் பிறந்ததுதான். 1982 ஜூன் மாதம், திருமணமாகி நான்கு மாதங்களே ஆன நிலையில், புனேயில் ஓர் இளம்பெண் பொட்டாசியம் சயனைடு நஞ்சால் இறந்தார். செஷன்ஸ் நீதிமன்றம் கணவருக்கு மரண தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு என்று அறியப்படும் அந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1984 ஜூலையில் கணவரை விடுதலை செய்தது. அமர்வில் இருந்த மூவரில் ஒருவர் நம் ஜோலார்பேட்டையில் பிறந்த நீதிபதி வரதராஜன் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நீதிபதி பசல் அலி எழுதிய தீர்ப்பு, சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து நிபந்தனைகளை வகுத்து, அவற்றைப் பஞ்சசீலம் என்றே குறிப்பிட்டது. முடிவுக்கு ஆதாரமாகும் ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமின்றி நிரூபிக்கப்பட வேண்டும்; ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘இருந்தே ஆக வேண்டும்’ என்பதற்கும் உள்ள தொலைவு நெடியது. அந்தச் சூழ்நிலைகள் எதிரியின் குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும். உறுதியான தன்மை கொண்டவையாக இருக்க வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக் கூடாது. கண்ணிகள் விடுபடாத முழுச் சங்கிலியாக அமைந்து, அச்செயலைச் செய்தவர் எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்று காட்ட வேண்டும். அந்தப் பெண் உறவினருக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்த நீதிமன்றம், அவர் தாமே நஞ்சு அருந்தியிருக்கும் வாய்ப்பை அரசுத் தரப்பால் மறுக்க முடியவில்லை என்று கண்டது. கணவர் தந்த விளக்கம் பொய்யென்றே வைத்துக்கொண்டாலும், மற்றக் கண்ணிகள் எல்லாம் முன்பே கூடியிருந்தால்தான் அந்தப் பொய் கூடுதல் கண்ணியாகும். விடுபட்ட கண்ணியின் இடத்தை அது நிரப்பாது என்றும் சொன்னது.

சூழ்நிலைச் சாட்சியம் என்றாலே சொத்தைச் சாட்சியம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2006 இல் தீர்ப்பான திரிமுக் மாரோத்தி கிர்கான் வழக்கில், மகளைப் பாம்பு கடித்துவிட்டது என்று தகப்பனாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். பிரேத பரிசோதனையோ கழுத்து நெரிக்கப்பட்டதைக் காட்டியது. வீட்டுக்குள் நடந்த சாவுக்கு அங்கே இருந்தவர் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கூறி, உச்ச நீதிமன்றம் கணவரின் தண்டனையை உறுதி செய்தது. நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லாமல்தான் அது முடிந்தது.

ஆனால் இந்த ‘விளக்கம் சொல்லும் கடமை’ என்பது நாளிதழ்களில், ‘தான் நிரபராதி என்று கணவர்தான் நிரூபிக்க வேண்டும்’ என்று மாறிவிடுகிறது. தங்கள் செய்தி ஒன்றிலும் ஏறத்தாழ அப்படியே எழுதப்பட்டிருந்தது. பழைய சட்டத்தின் 106 ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 109. ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த ஒன்றை நிரூபிக்கும் சுமை அவருடையது என்கிறது அது. அரசுத் தரப்பின் சுமையை இறக்கிவைக்க வந்த பிரிவு அல்ல அது என்று 1956 இலேயே சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 இல் பீகாரைச் சேர்ந்த நாகேந்திர சா வழக்கிலும், மனைவி கழுத்து நெரிபட்டு இறந்ததாக மருத்துவர் அறிக்கை இருந்தும், வீட்டில் குடும்பத்தின் மற்றவர்களும் இருந்த நிலையில், சங்கிலி முழுமையடையாதபோது கணவரின் மௌனத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று அவரை விடுதலை செய்தது.

நம் ஏற்காட்டு மலையையே எடுத்துக்கொள்வோம். அடிவாரச் சோதனைச் சாவடியின் கேமராவில் கணவரின் வண்டி மேலே போனது பதிவாகி, திரும்பி வந்தது பதிவாகவில்லை என்றால், இரவு முழுவதும் அவர் மேலேயேதான் இருந்தார் என்று சொல்லத் தோன்றும். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையைத் தவிரக் குப்பனூர் வழியாகவும் இறங்கலாம் என்பது சேலத்துக்காரர் அனைவருக்கும் தெரியும். அந்த வழியை அரசுத் தரப்பு அடைக்காத வரை அந்தக் கண்ணி திறந்தேதான் கிடக்கும். கைப்பேசிக் கோபுரப் பதிவும் அப்படியே. அது ஒரு பரப்பைக் காட்டுமே தவிர வீட்டையோ அறையையோ காட்டாது, மலை விளிம்பில் நிற்பவரின் கைப்பேசி சமவெளிக் கோபுரம் ஒன்றைப் பிடிப்பதும் உண்டு. அந்தப் பதிவின் நகலுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் இல்லையென்றால் அது சாட்சியமாகவே ஏறாது என்பதை 2020 இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. இறந்த நேரத்தைக் கணிப்பதிலும், உடல் குளிர்வதும் விறைப்பதும் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தவை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி இரவில் கிடந்த உடலுக்கும், செவ்வாய்ப்பேட்டையில் சித்திரை வெயில் காயும் ஓட்டு வீட்டுக்குள் கிடந்த உடலுக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. மருத்துவர் கூண்டில் ஏறும்போது குறுக்கு விசாரணையில் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள். செய்தியிலோ ‘கொலைதான் என டாக்டர் சாட்சியம்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டார் என்று காட்டப்பட்டால், அதை வரதட்சணை மரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கிறது, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை என்று நாம் படிப்பது அந்த ஏழு ஆண்டுக் கணக்கில் வருவது. கொலைக் குற்றச்சாட்டுக்கு அத்தகைய அனுமானம் கிடையாது. இரண்டையும் ஒரே செய்தியில் கலந்து எழுதும்போது, எது நிரூபிக்கப்பட வேண்டும், யார் நிரூபிக்க வேண்டும் என்பது வாசகருக்குப் புரியாமலே போய்விடுகிறது.

கணவன்மாருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் நினைக்கக் கூடும். இறந்த பெண்ணின் தாய் தகப்பன், வாய்தாவுக்கு வாய்தா முதல் பஸ்ஸில் வந்து நீதிமன்ற வராண்டாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவன் நான். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு அளிக்கப்படுகிறது என்ற வரி வாசிக்கப்படும்போது அவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. போலீஸ் புலன்விசாரணையின் முதல் நாளிலேயே, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் ஒரு கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்ததா வெளியே தாழிடப்பட்டிருந்ததா என்று எழுதாமல் விட்டதில் போன வழக்காக அது இருக்கும். அதை யாராவது அன்றே எழுதியிருந்தால், கேட்க வேண்டிய இடத்தில் அவர்களும் கேட்டிருப்பார்கள்.

தங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. போலீஸ் வாக்குமூலத்தைத் தலைப்பாக்காமல் இருங்கள். ஒரு சாட்சியின் முதல் விசாரணையை வெளியிட்டால், அதே சாட்சியின் குறுக்கு விசாரணையையும் அதே பக்கத்தில் வெளியிடுங்கள். தீர்ப்பு வரும் நாளில், தண்டனையோ விடுதலையோ, எந்தச் சூழ்நிலை நிரூபணமானது, எது ஆகவில்லை என்று நீதிபதி எழுதியிருப்பதைச் சுருக்கியாவது போடுங்கள்; இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்தால் தீர்ப்பு நகலைப் பார்க்க முடிகிறது. தங்கள் நிருபருக்கு ஒரு சொல்: முதல் விசாரணை காலையிலேயே முடிந்துவிடும், குறுக்கு விசாரணை பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நீளும். அந்த நேரத்தில் பின்பெஞ்சில் இடம் நிறையவே இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.