முதல் 24 மணி நேரம்

அன்புள்ள கயலுக்கு,

சிறார் நலக் காவல் அலுவலர் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போனில் சலித்துக்கொண்டாய். நன்னடத்தை அலுவலராக இருந்தவள் நான். பையன்கள் எந்தக் கோலத்தில் எங்களிடம் வந்து சேர்வார்கள் என்று பார்த்தவள். அதனால் கொஞ்சம் பொறுத்துப் படி.

2015 சிறார் நீதிச் சட்டம் என்றாலே எல்லோரும் ஒன்றைத்தான் பேசுகிறார்கள். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு, 16 வயது முடிந்த பையன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவனைப் போல விசாரிக்க வேண்டுமா என்று, 18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்கைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் பார்க்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரே கொதித்துக் கிடந்தபோது வந்த சட்டம் அது. ஆனால் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு. உன் ஸ்டேஷனுக்கு வருகிறவன் பெரும்பாலும் செல்போன் திருடியவனாகவோ அடிதடியில் மாட்டியவனாகவோ இருப்பான்.

அவனுக்கு அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2016 மாதிரி விதிகளில் 8-ஆம் விதிதான் முக்கியம். கொடுங்குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். கிடையாது. ஜி.டி.யில் (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில்) பதிந்து, அவன் வீட்டு நிலவரத்தை விசாரித்து எழுதி, குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். கைவிலங்கு கூடாது, லாக்கப் கூடவே கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

அப்புறம், வயது. "பார்த்தால் 19 இருக்கும்" என்று யாராவது எழுதச் சொல்வார்கள். எழுதாதே. சந்தேகம் வந்தால் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. சட்டத்தின் 94-ஆம் பிரிவு வைத்திருக்கும் வரிசை அது. 19 என்று எழுதிவிட்டால் பையன் விசாரணைக் காலத்தில் சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அல்ல, நேரே சிறைக்குப் போவான். அங்கே போய் அவன் யாரிடம் என்ன கற்றுக்கொள்வான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்ததும் பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும். எங்களுக்கு அந்தப் போன் நேரத்துக்கு வந்தது அபூர்வம். நீயாவது சொல்லு. நிருபர்கள் போட்டோ கேட்டால் 74-ஆம் பிரிவைக் காட்டு. பெயர்கூட வெளியே போகக் கூடாது.

பையன்களிடம் பேசும்போது முடிந்தவரை யூனிஃபார்ம் வேண்டாம் என்றும் விதியில் இருக்கிறது. ஸ்டேஷனிலேயே இரண்டு செட் சாதாரண உடை வைத்துக்கொள். பச்சை சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் கூரியரில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா