ரெகுலேட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

சத்துவாச்சாரியில் கத்திரி வெயில் கொளுத்துகிறது. மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தாலும் நடு ராத்திரிவரை தூக்கம் வருவதில்லை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின ஜீன் ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ‘மாவோ-ஏ, மந்தமான வகை. இந்தக் கோபம் உங்களாண்ட இருந்துதான் வந்துச்சு நைனா’ என்று கீழே எழுதியிருக்கிறாய். ப்ளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்தவனிடம் சொல்கிற பேச்சா இது? அந்த ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். நான் உனக்குக் கொடுத்தது ஒய். உன் எக்ஸ் உங்கம்மா கொடுத்தது. அவளிடம் சொன்னேன், கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

மாவோ-ஏ என்கிற நொதி மூளையில் செரடோனின், நார்அட்ரீனலின் மாதிரி நரம்புகள் சேதி அனுப்புகிற ரசாயனங்களை உடைத்துப்போடுகிறது. உன் ரிப்போர்ட் சொல்வது நொதியைப் பற்றியே இல்லை, ஜீனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் புரொமோட்டரைப் பற்றி. கூடத்து ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாதிரி. றெக்கை அதேதான், திருப்பி வைக்கிற இடத்தைப் பொறுத்து வேகம். அந்த இடத்தில் 30 டி.என்.ஏ. எழுத்துள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். நாலு தடவை வந்தால் ஜீன் விறுவிறுவென்று ஓடும், மூன்று என்றால் மந்தம். 1998-ல் கண்டார்கள். உனக்கு மூன்று.

ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் அளந்த கணக்கு. 2007-ல் நல்ல ஆரோக்கியமான ஆண்களின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தபோது, இரண்டு வகைக்காரர்களுக்கும் நொதியில் வித்தியாசம் தெரியவில்லை. இதையெல்லாம் ரிப்போர்ட் விற்கிறவன் எங்கே எழுதப்போகிறான்?

2002-ல் நியூசிலாந்தின் டனீடினில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வந்த பையன்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. மந்த வகையும் இருந்து, சின்ன வயதில் கொடுமையும் பட்டவர்கள்தான் அதிகம் முரடாகியிருந்தார்கள். பிறகு வந்த எல்லா ஆய்வும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிரம்பை வீட்டுக்கும் கொண்டுவந்தவன் நான். எட்டாவது காலாண்டுப் பரீட்சை மார்க் வந்த அன்று திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, அழாமல், என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்குக் குரோமோசோம் கிடையாது தம்பி. அது நான் கொடுத்ததுதான்.

இன்னொன்று. அப்பனுடைய எக்ஸ் மகளுக்கு அப்படியே போகும். பாப்பாவிடம் அந்த மூன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனை வைக்க மறந்து அவளை அதட்டினாயே, கேட்டேன். என் குரல் மாதிரியே இருந்தது.

கத்திரி முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு வா.

நைனா