திரைக்கதை கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரிடம் ஒரு வருடம் திரைக்கதை படித்தவன் நான். கதையை ஒரே வரியில் சொல்லும் ஒன்லைன் எழுதுவது, மூன்று அங்கமாகப் பிரிப்பது, இடைவேளைக்கு முடிச்சு வைப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். அந்த ஒரு வருடத்தில் ஃபிரான்சஸ் மாரியன் என்ற ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளரின் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இனி வரும் மாணவர்களாவது கேட்கட்டும்.

1888-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். மௌனப் படக் காலத்தில் எழுத வந்து, 1946-ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவை விட்டு விலகும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு எழுதினார். திரை எழுத்துக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் பெண் அவர்தான். அதுவும் இரண்டு முறை. ஆனால் விருதுக்காக அவரைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லவில்லை. அவர் வேலை செய்த விதத்துக்காகச் சொல்கிறேன்.

ஆரம்ப காலத்தில் நியூ ஜெர்சியில் இருந்த ஒரு படக் கம்பெனிக்குப் போய், இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறேன் என்றார். அங்கே கிடப்பில் கிடந்த படங்களைப் போட்டுப் பார்த்தார். முதலாளியின் மகளே நடித்தும், தேறாது என்று ஒதுக்கி வைத்திருந்த படம் ஒன்று கண்ணில் பட்டது. அதற்குப் புதிதாக ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் மட்டும் எழுதினார். ஏற்கெனவே எடுத்திருந்தது அப்படியே நடுவில் உட்கார்ந்துகொண்டது. படம் 9,000 டாலருக்கு விலைபோனது. அவருக்கு வாரம் 200 டாலர் சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஓடாத படம் ஒன்றைக் கொடுத்து, முதல் பத்து நிமிடத்தையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் மட்டும் மாற்றி எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள் ஐயா. அமைப்பு என்றால் என்னவென்று கரும்பலகை இல்லாமலே புரிந்துவிடும்.

அப்புறம் மேரி டிரஸ்லர் கதை. மாரியன் பத்திரிகையில் வேலை பார்த்த நாளிலேயே பழக்கமான நடிகை. ஒரு காலத்தில் பெரிய பெயர். 1920-களில் வாய்ப்பே இல்லாமல் இருந்தார். மாரியன் அவரை மனதில் வைத்து 1927-ல் ஒரு கதை எழுதி ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்தார். 1930-ல் ‘மின் அண்ட் பில்’ படத்தில் துறைமுகத்து விடுதி நடத்தும் முரட்டுப் பெண்ணாக அவருக்கு முழு வேடம் அமைந்தது. அறுபதைத் தாண்டிய, பருத்த உடம்பும் சுருக்கம் விழுந்த முகமும் கொண்ட அந்தப் பெண்மணி அதற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். முகத்தைப் பார்த்து எழுதும் இந்தக் கலையைப் பற்றி எங்களுக்கு ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. நடிகருக்காக எழுதினால் சமரசம் என்றே பழகிவிட்டோம். டிரஸ்லரின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மாரியனுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்த ‘தி பிக் ஹவுஸ்’ சிறைக் கதை. அதற்காக சான் குவென்டின் சிறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். குடித்துவிட்டுக் காரோட்டி உயிரைப் பறித்த ஓர் இளைஞன் பத்து வருடத் தண்டனையோடு உள்ளே வருகிறான். கைப்பொருளை வாங்குகிறார்கள், உடுப்பை மாற்றுகிறார்கள், ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கும் அறைக்குள் தள்ளுகிறார்கள். யாரும் அழுது வசனம் பேசுவதில்லை. நடைமுறையே பயத்தை உண்டாக்கிவிடுகிறது. பேசும் படம் வந்து சில வருடமே ஆகியிருந்த நேரம் அது. எதைப் பேச வைக்க வேண்டாம் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஸ்டுடியோ வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துத் திருத்துவார்கள். அதை மூன்றாமவர் மாற்றுவார். கடைசியில் திரையில் யார் பெயர் வரும் என்பதை ஸ்டுடியோதான் முடிவு செய்யும். காற்று வீசும்போது மணலில் எழுதுவது போன்ற வேலை என்று பின்னாளில் மாரியனே சொல்லியிருக்கிறார். 1933-ல் ஸ்டுடியோக்கள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தபோது எழுத்தாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். உச்ச சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மாரியன் ஒதுங்கி நிற்கவில்லை, அந்தச் சங்கத்தின் துணைத் தலைவராக நின்றார். நம் ஊர் கதை டிஸ்கஷன் அறைகளில் மாதக்கணக்கில் சீன் சொல்லிவிட்டு, டைட்டிலில் தன் பெயரைத் தேடும் பிள்ளைகள் உங்கள் மாணவர்கள்தானே? இதை அவர்கள் வேலைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் போதும். காலையில் ‘தி பிக் ஹவுஸ்’, மதியம் ‘மின் அண்ட் பில்’. இரண்டுமே ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்