விளக்கும் கழிவுக்கால்வாயும்

ஆசிரியர் அவர்கட்கு,

தாதியர் தினத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் கிரைமியப் போருக்கு இரண்டு வரிகளே கிடைத்திருந்தன. மீதி இடம் முழுவதும் ‘கைவிளக்கேந்திய காரிகை’யான புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்குப் போயிற்று. அந்த விளக்கைக் கையிலேந்தித் தாதியாக உறுதிமொழி எடுத்தவள் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

ரஷ்யப் பேரரசை ஒட்டோமன், பிரித்தானிய, பிரெஞ்சுப் பேரரசுகள் எதிர்த்து நின்ற அப்போரில் (1853–1856) பிரித்தானியப் படை இழந்த ஏறத்தாழ 21,000 பேருள் சண்டையிலும் காயங்களாலும் இறந்தோர் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏனையோரை வாந்திபேதியும் வயிற்றுளைவும் காய்ச்சலும் கொண்டுபோயின. 1854 நவம்பர் 14 இல் கிரைமியாவின் பலக்ளாவாத் துறைமுகத்தில் வீசிய புயல், குளிராடை ஏற்றிவந்த கப்பலையே மூழ்கடித்தது.

அதே நவம்பரில் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன், இன்றைய இஸ்தான்புல்லில் அடங்கும் ஸ்குட்டாரியின் பிரித்தானிய இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். உணவும் துணியும் பராமரிப்பும் சீர்பட்டன. ஆயினும் 1855 பெப்ரவரியில், அதாவது அவர் வந்து மூன்று மாதங்களின் பின்னர், அங்கிருந்த நோயாளரில் 100 இற்கு 42 பேர் இறந்தனர். கட்டடத்தின் கீழே கழிவுக்கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தமையே இதற்குப் பெருங்காரணம். மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு அவற்றைக் கழுவி, நீர்வழியில் கிடந்த செத்த விலங்குகளை அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி, காற்று வர வழிசெய்த பின்னர், கோடையில் அந்த எண்ணிக்கை 2 அளவுக்கு இறங்கிற்று.

இதனை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவளல்லள். 2009 இல் நாங்கள் இருந்த முகாமில் மழை பெய்தால் மலசலகூடக் குழிகள் நிரம்பிக் கூடாரங்களுக்குள் வழியும். ஷெல்லுக்குத் தப்பிய குழந்தைகள் அங்கே வயிற்றோட்டத்தில் வாடியதைக் கண்டேன். சேலைன் ஏற்ற எனக்குத் தெரியும். அந்தக் குழிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மையாரின் உண்மைப் பெருமை, போர் முடிந்தபின் இக்கணக்குகளோடு மல்லுக்கட்டி, 1858 இல் மாதவாரியான இறப்புகளை வட்ட வரைபடமாக வெளியிட்டதில் இருக்கிறது என்பேன். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த இறப்புகளை அதில் நீல நிறத்தில் காட்டினார். காயங்களால் இறந்தோருக்குரிய சிவப்பு, அந்த நீலத்தின் நடுவே சிறு துண்டாகத்தான் தெரியும்.

மே 12 இங்கே தாதியர் தினம் மட்டுமன்று, 2009 போரின் இறுதியில் இறந்தோர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சத் தொடங்கும் நாளுமாகும். அடுத்த ஆண்டு அந்நாளில் விளக்குப் படத்துக்குப் பதிலாக அவ்வரைபடத்தை, குறிப்புகளைத் தமிழில் எழுதி, நிறத்திலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
புதுக்குடியிருப்பு.