வலிப்பு மருந்துக்கு வழி எங்கே? சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் மருந்தகம் நடத்துகிறேன். வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அவ்வப்போது வந்து, "தாய்லாந்தின் ஹாட்யாயில் கஞ்சா எண்ணெய் கிடைக்கிறதாமே, வாங்கி வரலாமா?" என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது என்கிறேன். "அப்படியானால் இங்கே யாரைக் கேட்பது?" என்கிறார்கள். அதை உங்களிடமே கேட்கிறேன்.

அவர்கள் தேடுவது கன்னபிடியோல். கஞ்சாச் செடியில் இருப்பதுதான், ஆனால் போதை ஏற்றுவது டி.எச்.சி. என்னும் வேறொரு பொருள். அது மூளையின் சிபி1 ஏற்பி என்னும், செய்தி வாங்கும் புரதத்தைத் தூண்டுகிறது; கன்னபிடியோல் அப்படித் தூண்டுவதில்லை. அதன் வேலை வேறு இடங்களில். நரம்பணுவுக்குள் கால்சியத்தைக் கூட்டும் ஜிபிஆர்55 ஏற்பியைத் தடுக்கிறது. நரம்புகளை அடக்கிவைக்கும் அடினோசின் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் காக்கிறது. டிஆர்பிவி1 ஏற்பியை மரக்கச் செய்கிறது. (மிளகாய்க் காரத்தை நாம் உணர்வதும் இந்த ஏற்பியால்தான்.) வலிப்பைத் தணிப்பதில் இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவில்லை.

பலனில் ஐயமில்லை. டிராவே நோய்க்குறி என்னும், குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோயுள்ள 120 இளவயதினரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களின் மாத வலிப்பு, இடைநிலை அளவில், 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 14.9, 14.1 என்று ஏறத்தாழ அப்படியே நின்றது. மறு ஆண்டே எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்கா அனுமதி தந்தது. மூட்டுவலி முதல் புற்றுநோய் வரை எல்லாவற்றுக்கும் இதை விற்பவர்களிடம் இத்தகைய சான்று இல்லை; அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடும் பிள்ளைக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தால் கல்லீரல் நொதிகள் எகிறக்கூடும். குளோபாசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் அளவுமீறிய தூக்கம். அதனால் இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் கண்காணிப்பும் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத புட்டியில் டி.எச்.சி. இருந்துவிட்டாலோ, புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியில் அதை வாங்கி வரும் அம்மா 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முறையாகப் பதிவு செய்து, உரிமம் பெற்றால் மருத்துவப் பயன்பாட்டுக்குத் தடையில்லை என்று 2021 நவம்பரில் அன்றைய அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். நல்லது. எந்த நிபுணரைப் பார்ப்பது, யார் விண்ணப்பிப்பது, எவ்வளவு செலவாகும்? இந்த மூன்றையும் மலாயிலும் தமிழிலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, மருத்துவமனைகளுக்கும் எங்களைப் போன்ற மருந்தகங்களுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பினாங்கு மருந்தாளர் ஒருவர்