தூரத்தை மட்டும் பார்த்து மலைக்கும் பாலைக்கும் திட்டமிடலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பல நாள் கார்ப் பயணங்களுக்கான திட்டங்கள் வெளியாகின்றன. ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர், வழியில் எதைப் பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்ற விவரங்கள் அவற்றில் தவறாமல் இருக்கின்றன. சமவெளியில் செல்பவருக்கு இவை போதும். ஆனால் உயர்ந்த மலைகளையும் நீரற்ற பாலைவெளியையும் ஒரே பயணத்தில் கடக்கப் போகிறவருக்கும் இதே அச்சில் வார்த்த அட்டவணையைக் கொடுப்பது சரியல்ல என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எங்கோ கிடைத்த அத்தகைய ஓர் அட்டவணையை வேதவாக்காக நம்பிப் புறப்பட்ட குடும்பத்தில் நானும் ஒருத்தி.

நாங்கள் சென்ற மலை எது என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் அது அந்த ஊரின் குறையாகப் படிக்கப்படும்; குறை எங்கள் தாளில்தான் இருந்தது. முதல் நாள் 340 கிலோமீட்டர், இரண்டாம் நாள் 300, மூன்றாம் நாள் 220 என்று எழுதிவைத்திருந்தோம். தூரம் குறைந்துகொண்டே வந்ததால் மூன்றாம் நாளை ஏறக்குறைய ஓய்வு நாளாகவே நினைத்திருந்தோம். அந்த 220 கிலோமீட்டரில்தான் சாலை 2,000 மீட்டர் உயரத்திலிருந்து 4,800 மீட்டர் உயரத்திலிருந்த கணவாய்க்கு ஏறி, அப்பால் சற்றே இறங்கி, 4,200 மீட்டரில் இருந்த கூடார முகாமில் போய் முடிந்தது. எங்கள் தாளில் உயரம் என்றொரு கட்டமே இல்லை. கணவாயின் உச்சியில் சற்று மூச்சு வாங்கியதைத் தவிர எவருக்கும் எந்தத் தொல்லையும் தெரியவில்லை. சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டோம். இரவு பதினோரு மணிக்கு என் தங்கைக்குத் தலைவலி தொடங்கியது. ஒரு மணிக்கு வாந்தி. மூன்று மணிக்கு, கேட்டதற்கு விடை சொல்லவும் விருப்பமின்றிச் சுருண்டு கிடந்தாள்.

உடனே கீழே இறங்க வேண்டும் என்று முகாமில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் நாங்கள் இருந்த இடம் இரண்டு கணவாய்களுக்கு நடுவில். எந்தப் பக்கம் போனாலும், இறங்குவதற்கு முன்னால் இன்னும் மேலே ஏறியாக வேண்டும். அந்தச் சாலையில் இருட்டில் வண்டி ஓட்ட என் கணவர் துணியவில்லை. முகாமிலிருந்த ஆக்சிஜன் உருளையின் துணையோடு, அவளைச் சாய்த்து உட்காரவைத்து, விடியும்வரை காத்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் அந்த உருளையையும் இரவல் வாங்கிக்கொண்டு, வந்த வழியே கணவாயை மறுபடியும் ஏறிக் கடந்து இறங்கினோம். 2,500 மீட்டருக்குக் கீழே வந்த பிறகுதான் அவள் தானாகத் தண்ணீர் கேட்டாள். அப்போது என் மகள் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு வெறும் தண்ணீர்ப் புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். கணவாயின் உச்சியில் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு அவளே மூடியை இறுகத் திருகி வைத்த புட்டி அது. யாரும் மிதிக்காமலேயே நடுவில் நசுங்கி, இரு பக்கமும் ஒட்டிக்கிடந்தது. மேலே அதற்குள் அடைபட்ட மெல்லிய காற்றைக் கீழேயுள்ள கனத்த காற்று அப்படி நெருக்கியிருந்தது. முந்தைய இரவு முழுவதும் அந்த மெல்லிய காற்றைத்தான் நாங்கள் சுவாசித்துக்கொண்டிருந்தோம் என்பது அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்த பிறகு மருத்துவரிடம் கேட்டும் தேடிப் படித்தும் அறிந்தவற்றை முன்பே அறிந்திருக்க வேண்டும். 4,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். 5,500 மீட்டரில் அது பாதியாகிவிடுகிறது. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே தொடங்குகிறது; போய்ச் சேர்ந்த உடனே அல்ல, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. கார்ப் பயணிகள் ஏமாறுவது இங்கேதான். நடந்து ஏறுபவரை அவருடைய கால்களே தடுத்து நிறுத்தும். காரில் போகிறவர் உடல் விழித்துக்கொள்வதற்குள் இரண்டாயிரம் மீட்டர் ஏறிவிடுகிறார். ஆகவே பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே முக்கியம் என்று மலை மருத்துவம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேலே, தங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலிருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குவதும் அவர்கள் வகுத்த முறை. தலைவலி இருக்கும்போது மேலும் ஏறக் கூடாது. நிலைமை மோசமானால் இறங்குவதைவிடச் சிறந்த மருந்து இல்லை. முன்தடுப்பு மாத்திரை உண்டு. அதைப் புறப்படுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, உடன் வருபவர் கொடுத்தார் என்று விழுங்கக் கூடாது.

இந்த ஒரு விவரம் திட்டத்தை எப்படி மாற்றும் என்பதற்குப் பலரும் அறிந்த மணாலி–லே சாலையே சான்று. மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர், லே ஏறக்குறைய 3,500 மீட்டர். இரண்டு நாளில் போய்ச்சேர நினைப்பவர்கள் நடுவழி என்பதற்காகச் சார்ச்சுவில் படுக்கிறார்கள். அதன் உயரம் 4,200 மீட்டருக்கும் அதிகம், அதாவது போய்ச்சேரும் ஊரைவிடவும் மேலே. அதற்கு முன்னாலேயே கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ, ஏறக்குறைய 3,100, 3,200 மீட்டரில், இரண்டு இரவு தங்கிவிட்டு, மூன்றாம் நாள் அதிகாலையில் கிளம்பி லேவுக்கே போய்விடுகிறவர் ஒரு நாளை இழக்கிறார். ஆனால் சார்ச்சுவின் உயரத்தில் படுக்க வேண்டியதில்லை. சிலியின் அடகாமா பாலைவனத்தில் சான் பெட்ரோ என்னும் ஊர் 2,400 மீட்டரில் இருக்கிறது; அங்கிருந்து விடியலுக்கு முன் கிளம்பி 4,300 மீட்டரிலுள்ள எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் இறங்கி வந்துவிடுகிறார்கள். உயரம் ஒன்றுதான், அங்கே படுப்பதில்லை என்பதே வேறுபாடு.

உயரத்துக்கு அடுத்தபடியாகத் தாளில் இருக்க வேண்டியது நேரம். மலையில் 200 கிலோமீட்டர் என்பது எட்டு மணி நேரமாகலாம், பத்தாகவும் ஆகலாம். கொண்டை ஊசி வளைவுகள், எதிரே வரும் லாரிக்கு ஒதுங்க இடம் தேடிப் பின்னால் போவது, சரிந்த மண்ணை அள்ளும் வரை நிற்பது எல்லாம் அதில் அடக்கம். பள்ளத்தாக்கில் பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். பனி உருகி ஓடும் ஓடைகள் சாலையைக் குறுக்கே வெட்டும் இடங்களில் காலையில் கணுக்காலளவு இருந்த நீர், பகல் வெயிலில் பனி உருகிப் பிற்பகலில் முழங்காலுக்கு மேல் வந்துவிடும். ஆகவே அதே ஓடை எட்டு மணிக்கு ஒரு பாதை, நான்கு மணிக்கு ஒரு தடை. பாலையிலும் அதிகாலையில்தான் புறப்பட வேண்டும், ஆனால் காரணம் வேறு: நடுப்பகல் வெப்பம் டயரையும் எஞ்சினையும் மனிதரையும் ஒருசேர வாட்டும், இரவிலோ சாலையில் படுத்திருக்கும் விலங்குகள் விளக்கொளியில் கடைசி நொடியில்தான் தெரியும். ஐந்து மணிக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குள் வண்டியை நிறுத்திவிடும் நாள்தான் இரண்டு நிலத்துக்கும் பொருந்தும் நாள்.

வண்டியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும்; நிறைய சுமையோடு உயர்ந்த கணவாயில் முந்திச் செல்ல நினைப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது அதனால்தான்.

டயரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். ஆறாம் நாள், பாலைச் சாலையில், பகல் ஒன்றரை மணிக்குப் பின்டயர் பஞ்சரானது. ஸ்டெப்னி டிக்கியில் எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் இருந்தது. அத்தனையையும் கொதிக்கும் சரளையில் இறக்கிவைத்தோம். ஜாக்கியை வைத்துச் சுற்றச் சுற்ற வண்டி உயரவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டிக்கியின் தரைப்பலகையை எடுத்து அடியில் கொடுத்தோம். அது நடுவில் பிளந்தது. பிளந்த இரண்டு பாதிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தபோதுதான் ஜாக்கி நின்றது. மாட்டி முடித்து இறக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியில் பாதிக் காற்றுதான் இருந்தது. புறப்படுமுன் நான்கு டயர்களைப் பார்த்தோமே தவிர ஐந்தாவதைப் பார்க்கவில்லை. கையில் காற்றடிக்கும் பம்பும் இல்லை. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மாலை வரை ஊர்ந்தோம். டயரை மாற்றிய ஒன்றேகால் மணி நேரத்தில் மட்டும் நால்வரும் ஆறு லிட்டர் தண்ணீர் குடித்திருந்தோம். ஓர் அடி நீளமுள்ள தடித்த பலகை ஒன்று, அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, சிறிய பம்பு ஒன்று ஆகியவை இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை. மணலில் சிக்காமல் போக டயரில் காற்றைக் குறைப்பது வழக்கம். அப்படிக் குறைத்தவர் தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் அடைத்தாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும் என்பதால் பம்பு இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு; வண்டி நின்றுபோனால் காத்திருக்க வேண்டிய நாளுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். ரேடியேட்டருக்கான நீர் தனி. எரிபொருளைப் பொறுத்தவரை, மணாலி–லே சாலையில் லாகூல் பகுதியிலுள்ள தண்டி என்னும் ஊரின் பெட்ரோல் பங்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிவைத்த பலகை பயணிகளிடையே புகழ்பெற்றது. அத்தகைய பலகை எல்லாச் சாலைகளிலும் நிற்பதில்லை. அந்த இடைவெளியை நாமே கண்டறிந்து தாளில் எழுத வேண்டும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகக் கூடாது: தேடி வருபவர் கண்ணுக்கு மனிதரைவிட வண்டிதான் முதலில் படும், நிழலும் அதில்தான் இருக்கிறது.

பாலையில் நீரால் வரும் ஆபத்தைப் பலர் நம்புவதில்லை. 2022 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 37 மில்லிமீட்டர் மழைதான் பெய்தது. ஆனால் அந்த நிலத்துக்கு அது ஓர் ஆண்டு மழையின் பெரும்பகுதி. சாலைகள் அரித்துப் போயின, கார்கள் சேற்றில் புதைந்தன, ஏறக்குறைய ஆயிரம் பேர் வெளியேற வழியின்றி நின்றார்கள். லேயிலும் 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு பெருஞ்சேதம் விளைத்தது. வறண்ட ஆற்றுப்படுகை எவ்வளவு சமமாகத் தெரிந்தாலும் அதில் வண்டியை நிறுத்தி இரவு தங்கக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை, நீலவானத்தின் கீழே வந்து சேரும்.

இவற்றையெல்லாம் தாங்கும்படி ஒரு திட்டம் அமைய வேண்டுமானால் ஐந்து நாளுக்கு ஒரு நாளாவது வெறுமையாக விடப்பட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்குத்தான் மிகுந்த எதிர்ப்பு இருந்தது. விடுப்பே பத்து நாள்தான், அதில் இரண்டை வீணாக்குவதா என்றார்கள். ஆனால் வெறும் நாள் இல்லாத திட்டத்தில், மூடிய கணவாயின் முன்னால் நிற்கும் ஓட்டுநர் இழந்த நேரத்தை இரவில் ஓட்டி ஈடுகட்டப் பார்ப்பார். தலைவலிக்கும் குழந்தை தன்னால் எல்லோருடைய பயணமும் கெடுமோ என்று அதைச் சொல்லாமலே இருந்துவிடும்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இனி வெளியிடும் மலை, பாலைப் பயணத் திட்டங்களில் ஒவ்வொரு நாளுக்கும் கிலோமீட்டரோடு நான்கு விவரங்களைச் சேர்த்து அச்சிடுங்கள்: இரவு தங்கும் இடத்தின் உயரம், அன்றைய மிக உயர்ந்த இடம், நிற்கும் நேரமும் சேர்த்த பயண நேரம், எரிபொருளும் தண்ணீரும் கிடைக்காத மிக நீண்ட இடைவெளி. ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. எங்கள் இரண்டாவது பயணத்துக்கு நாங்கள் இந்தக் கட்டங்களோடு தயாரித்த தாளின் படியை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் அடித்துத் திருத்திய இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன். இடமிருந்தால் அவற்றோடு சேர்த்தே வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி